குமிழ் பறிப்போருக்கு ஒரு மறுப்பு

பழைய வானொலிப் பெட்டியின் சுழற்குமிழைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் கட்டுரை எழுதுவதா எனச் சிலர் நகைக்கக்கூடும். ஏட்டுச்சுவடியின் ஓர் இதழ் சிதைந்தாலும் கண்ணீர் வடிக்கும் நாம், நம் பாட்டன்மார் உலகச் செய்தி கேட்ட கருவி துண்டு துண்டாக விலைபோவதை ஏன் வாளாவிருந்து பார்க்கிறோம் என்பதே எனது வினா.

இன்று வால்வு வானொலிகளின் குமிழ்கள் தனிப் பண்டமாகிவிட்டன. அலுமாரி இழுப்பறைக்குக் கைப்பிடியாகவும், புதிய ஒலிக்கருவிக்குப் பழைமைக் கோலம் பூட்டும் அணியாகவும் அவை வாங்கப்படுகின்றன. பயன்பாட்டுப் பெறுமதி மறைந்து அலங்காரப் பெறுமதி அரியணை ஏறிவிட்டது.

குமிழ்களை மீட்பதே தவறென்று நான் வாதிடவில்லை. அக்காலக் குமிழ்களிற் பெரும்பாலானவை பேக்கலைட்டினால் ஆனவை. பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907 இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து ஆக்கிய பொருள் அது. அச்சில் ஒருமுறை வெப்பத்தால் இறுகிய பின் அதனை உருக்கி மீள வார்த்தல் இயலாது. உடைந்த குமிழுக்கு மாற்று, பழுதாய்ப்போன இன்னொரு பெட்டியிலிருந்தே வரவேண்டும். பிசினில் வார்ப்பதற்கும் மூலக்குமிழொன்று தேவை. கண்டதைக் கண்டதிற் பொருத்தவும் முடியாது. ஒரு பெட்டியில் தண்டின் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர், வேறொன்றில் 6 மில்லிமீற்றர். ஒன்றுக்குத் திருகாணி, மற்றொன்றுக்கு வில்.

அன்றியும், குமிழ் வெறும் அணிகலன் அன்று. மின்மாற்றியின்றி, நேரோட்டம் ஆடலோட்டம் ஆகிய இரண்டிலும் இயங்குமாறு அமைந்த பெட்டிகளில், உலோகச் சட்டகம் மின்வழங்கலின் ஒரு கம்பியோடு நேரே இணைந்திருந்தது. செருகியை மாறிச் செருகினாற் சட்டகத்திலும் தண்டிலும் மின் பாயும். 230 வோல்ற்று மின்னுக்கும் கேட்பவர் விரலுக்கும் இடையே நின்றது அந்தக் குமிழே. திருகாணித் துவாரத்தையும் மெழுகால் அடைத்திருந்தனர். எங்கள் வீட்டுப் பெட்டியின் குமிழ் தொலைந்தபோது, அம்மப்பா குறட்டினால் தண்டைத் திருகப்போய் மின் தாக்கி விழுந்தார் என அம்மம்மா இன்றும் சொல்வார். ஊரிலிருந்த வானொலி திருத்துநர் பயனற்ற பெட்டியொன்றிலிருந்து குமிழெடுத்துப் பொருத்திக் கொடுத்தார். மீட்பு என்பது அதுவே.

"எறியப்படும் பெட்டியில் ஒரு குமிழாவது எஞ்சட்டுமே" என்பர் எதிர்வாதிகள். இதனை ஏற்பதற்கில்லை. பேசாத பெட்டிகள் பலவற்றின் நோய், முதுமையினாற் கசியும் கடதாசிக் கொள்ளளவிகளே. அவற்றுக்குப் பதிலாகப் புதியன கடையிற் கிடைக்கின்றன. கிடைக்காதது குமிழ். கிடைப்பதை மாற்றிக் கிடைக்காததைக் காப்பது அறிவு. கிடைக்காததைப் பறித்துக்கொண்டு பெட்டியைக் குப்பையிலிடுவது சூறை.

இந்நாட்டின் ஒலிபரப்பே மீட்பிற் பிறந்தது. 1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் கொழும்பில் நடத்திய முதற் பரிசோதனைகளுக்கு, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகள் உதவின என்பது ஒலிபரப்பு வரலாற்றிற் பதிவாகியுள்ளது. ஒரு குரலை எழுப்புவதற்காக அவர்கள் உறுப்புகளைக் கழற்றினார்கள். நாமோ குரலை அடக்கிவிட்டு உறுப்பை அழகு பார்க்கிறோம்.

ஆதலின், திருத்தக்கூடிய பெட்டியிலிருந்து ஒரு குமிழையேனும் கழற்றலாகாது. திருத்தவியலாததிலிருந்து எடுப்பின், எவ்வாக்கம், எவ்வடிவம், எத்தண்டுக்குரியது என எழுதிவைத்தல் வேண்டும். நாட்டார் பாடல் தேடி ஊர்களுக்குச் செல்லும் நாம், அவ்வூர்களைக் கேட்கப் பழக்கிய பெட்டிகளையும் பதிவு செய்தல் வேண்டும். அடுத்த விடுமுறையில் அவரவர் வீட்டுப் பரணிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக.