என்ரானுக்குக் கொடுத்த இட ஒதுக்கீடு

இட ஒதுக்கீடு என்றாலே 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று வயிற்றில் அடித்துக்கொள்கிறவர்கள் 1992இல் எங்கே போயிருந்தார்கள்? அந்த வருஷந்தான் அமெரிக்காவின் என்ரான் கம்பெனி மகாராஷ்டிராவில் வந்திறங்கியது. தாபோலில் மின்நிலையம் கட்ட டெண்டர் கிடையாது, போட்டி கிடையாது. வந்த சில நாளிலேயே புரிந்துணர்வு ஒப்பந்தம். போட்ட மூலதனத்துக்கு 16 சதவீத லாபம் உறுதி என்று மைய அரசே கொள்கை வகுத்து வைத்திருந்தது. நிலையத்தை 68.5 சதவீதம் ஓட்டினால் போதும். அதுக்கு மேலே ஓட்டினால் இன்னும் கூட.

மைய அரசு வேலையில் நமக்கு 15 சதவீதம். அவனுக்கு 16. பரீட்சை எழுதி, இன்டர்வியூவில் சாதிச் சான்றிதழை நீட்டி நம்ம பிள்ளை வாங்குகிற வேலைக்குப் பேர் சலுகை. பரீட்சையே எழுதாதவனுக்குக் கொடுத்ததுக்குப் பேர் 'முதலீட்டுச் சூழல்'.

மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மாநில மின்வாரியம் பணம் கட்ட வேண்டும். டாலர் ஏறினால் அந்தச் சுமையும் வாரியத்துக்கு. வாரியம் கட்டாவிட்டால் மாநில அரசு, மாநிலம் கட்டாவிட்டால் மைய அரசு. இந்தக் கணக்கு ஆகாது என்று 1993இல் உலக வங்கியே கடன் தர மறுத்துவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்! 1995இல் சிவசேனா-பாஜக ஆட்சி இதை ரத்து செய்து வீரம் காட்டியது. பிறகு அதே ஆட்சி இன்னும் பெரிய திட்டமாக்கிக் கையெழுத்துப் போட்டது. 1996இல் 13 நாள் இருந்த வாஜ்பாய் அரசு, போகிற போக்கில் மைய அரசின் எதிர் உத்தரவாதத்துக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனது. இந்தியர்களுக்கு 'கல்வி புகட்ட' 2 கோடி டாலர் செலவழித்ததாக என்ரான் அதிகாரியே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். யாருக்கு என்ன பாடம் நடத்தினார்களோ.

தாபோல் இருப்பது ரத்னகிரி மாவட்டம். அண்ணல் அம்பேத்கரின் பூர்வீக ஊர் அம்பவடேயும் அதே மாவட்டம்தான். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் பார்த்தவர் அவர். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை அன்றே மேசைமேல் வைத்தார். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமை என்பதை அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னார். அந்த மண்ணில்தான் 1997 சூனில் வேல்தூர் மீனவக் குடியிருப்புக்குள் போலீஸ் புகுந்து பெண்களை அடித்து இழுத்துப் போனது. அங்கே நிறுத்திய போலீசுக்குக் கம்பெனியே பணம் கொடுத்ததை மனித உரிமை அமைப்பொன்றின் 1999ஆம் வருஷ அறிக்கை எழுதி வைத்திருக்கிறது.

2000இல் யூனிட் விலை சில மாதம் 7 ரூபாயைத் தாண்டியது. 2001 மே மாதம் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. அந்த டிசம்பரில் என்ரானே திவால். அப்போதாவது விட்டானுங்களா? கூட்டாளிகளான ஜெனரல் எலக்ட்ரிக்கும் பெக்டெலும், மொரீஷியசில் பதிவு செய்த கம்பெனிகள் வழியாக, 1998இல் அந்நாட்டோடு இந்தியா போட்ட முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி நட்டஈடு கேட்டார்கள். 2005இல் பேசித் தீர்த்தார்கள். நிலையம் என்.டி.பி.சி., கெயில் என்ற பொதுத்துறைகளின் தலையில் வந்து விழுந்தது.

இந்த உலகப் பஞ்சாயத்தில் கம்பெனி அரசைக் கூண்டில் ஏற்றலாம். வேல்தூர்ப் பெண் கம்பெனியை ஏற்ற முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் நம்ம தாத்தனைத் துண்டைக் கக்கத்தில் இடுக்கித் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இங்கே தள்ளி நிற்கக்கூட இடமில்லை.

அரசு வாரியம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஊர்த்தெருவில் லைட் எரிந்து பல வருஷம் கழித்துத்தான் எங்க தெருவுக்குக் கம்பம் வந்தது. ஆனால் வாரியத்தில் ரோஸ்டர் இருக்கிறது. சண்டை போட ஒரு வாசல் இருக்கிறது. கம்பெனி கேட்டில் அந்த ரோஸ்டர் செத்துப்போகிறது. இடதுசாரித் தோழர்கள் யூனிட் விலையைச் சரியாகவே கணக்குப் போட்டார்கள். ரோஸ்டர் போன கணக்கை எத்தனை பேர் போட்டார்கள்?

மின்சாரம் போன வழியில் இங்கே குப்பையும் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, நிரந்தரமாகும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் ரிப்பன் கட்டடத்தின் முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம்ம பெண்கள். 23 ஆயிரம் சம்பளம் 17 ஆயிரத்துக்கும் கீழே போகிறது என்றார்கள். நடுராத்திரியில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

இனி எந்தக் 'கூட்டு' வந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தம் முழுக்கத் தமிழில் சேரிக்கு வரட்டும். வழக்கு என்றால் இந்த நாட்டு நீதிமன்றத்தில் நடக்கட்டும். லாபத்துக்கு உறுதி எழுதுகிற அதே பக்கத்தில் சம்பளத்துக்கும் உறுதி எழுதட்டும். மாநில அரசு வேலையில் தாழ்த்தப்பட்டோருக்குள்ள 18 சதவீதம், அந்தக் கம்பெனியில் கூட்டுகிறவரிலிருந்து மேனேஜர் வரைக்கும் என்று எழுதட்டும்.