ஆச்சி கட்ட வேண்டியது 100 ரூபாய். புரோக்கர் கேட்பது எவ்வளவு?

காரைக்குடி வட்டாரத் தோழர்களே!

தீபாவளி நெருங்கினால் நம்ம பக்கம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையூர், கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல் என எந்தத் தெருவில் நுழைந்தாலும் எண்ணெய்ச் சட்டி காயுது. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் பாக்கெட் ஆகி சென்னைக்குப் போகுது. அந்தச் சட்டி முன்னால் வியர்த்து நிற்பது யார்? பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் குழுக் கடன் தவணைக்கும் சம்பாதிக்கும் நம் வீட்டுப் பெண்கள்.

அவர்களை மிரட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: "லைசென்ஸ் இருக்கா?"

கேட்டதும் ஆச்சி பயந்துடுறாங்க. பக்கத்திலேயே ஒரு புரோக்கர் ரெடியா நிற்கிறார். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 31-வது பிரிவு, சிறு உற்பத்தியாளருக்கும் குடிசைத் தொழிலுக்கும் லைசென்ஸ் தேவையில்லை, பதிவு செய்தால் போதும் என்கிறது. 2011 விதிகள் அதற்கு வைத்த வரம்பு: ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய், உற்பத்தி நாளுக்கு 100 கிலோ. எந்த ஆச்சி ஒரு நாளைக்கு 100 கிலோ முறுக்கு பிழிகிறார்? கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினாலும் 500 ரூபாய்தான்.

இன்னொன்று இருக்கு, இதை யாரும் வெளியே சொல்வதே இல்லை. விண்ணப்பம் கொடுத்து 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தரணும், இல்லை மறுக்கணும், இல்லை ஆய்வுக்கு வர்றேன்னு சொல்லணும். எதுவுமே சொல்லவில்லையென்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று அதே 2011 விதிகளில் எழுதியிருக்கு. பிறகு அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்தால் போதும். மறுப்பதாக இருந்தாலும் நம்ம தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தரணும். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று இழுத்தடிப்பவர்களிடம் இந்த விதியைக் காட்டுங்கள்.

"வீட்டுப் பலகாரத்துக்கு எதுக்குச் சட்டம்?" என்று நம்ம ஆட்களே சிலர் பேசுறாங்க. அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கறுத்துப்போன எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தால் அது யார் வீட்டு அடுப்பாக இருந்தாலும் வயிற்றைக் கெடுக்கும். தின்பது நம் பிள்ளைகள். எண்ணெய், தண்ணீர், கைச் சுத்தம் மூன்றையும் ஒருவர் வந்து பார்ப்பதில் தப்பே இல்லை. வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு கட்டாயம், அது இருக்கட்டும்.

எங்கள் கோபம் வேறு. காரைக்குடி மண்ணை மிதிக்காத கம்பெனிகூட பாக்கெட்டில் "செட்டிநாடு" என்று அச்சடிக்குது. அவனுக்கு ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு. 14 இலக்கப் பதிவு எண், சேர்பொருள், நிகர எடை, தயாரித்த தேதி, பச்சைப் புள்ளி என்று லேபிள் வடிவமைக்கவே ஆள் வைத்திருக்கிறான். ஆச்சிக்கு யார் இருக்கா? ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து காட்டக்கூட ஆள் இல்லை. பண்டிகை நேரத்தில் ரெய்டுக்கு வர அதிகாரிக்கு ஜீப் கிடைக்குது. பதிவு முகாம் நடத்த மட்டும் கிடைக்காதா?

ஆகவே உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் சிவகங்கை மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்கிறோம். தீபாவளிக்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிலும் பதிவு முகாம் போடுங்கள். 100 ரூபாய் கட்டணத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலிலேயே ஒட்டுங்கள். லேபிள் மாதிரியை மகளிர் குழுக்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். முதல் தடவை குறை கண்டால் திருத்த அவகாசம் கொடுங்கள், அபராதச் சீட்டை நீட்டாதீர்கள்.

தோழர்களே, லைக் போட்டுவிட்டு நகர்ந்துடாதீங்க. உங்கள் தெருவில் பலகாரம் போடுகிற அம்மாவிடம் போங்க. போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்றை வாங்கி, உங்கள் போனிலேயே விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுங்க. 100 ரூபாய்க்கு மேல் யாராவது கேட்டால் அந்தப் பெயரோடு கிளைச் செயலாளரிடம் வாங்க.