பழைய கதிரைக்குப் புது வர்ணம்



முல்லைத்தீவில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். 2010 இல் மீளக்குடியமர வந்தபோது அவரது வளவில் மிஞ்சியிருந்தவை கிணறும், இடிந்த சுவரும், தகரத்தின் கீழ் கிடந்த ஒரு முதிரைக் கதிரையும்தான். அந்தக் கதிரை 1980களில் அவரது ஐயா செய்வித்தது. "அடுப்புக்கு வையுங்கோ, பிளாஸ்ரிக் கதிரை வாங்கலாம்" என்று பலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அண்மையில் என்னிடம், "தங்கச்சி, இதுக்கு நானே பெயின்ற் அடிக்கப் போறன், வந்து காட்டித் தாரும்" என்றார்.

நானும் போனேன். உலர்ந்த சான்ட்பேப்பரால் இருவரும் தேய்க்கத் தொடங்கினோம். சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்தால், அவரது பேரன் அந்தத் தூசிக்குள் இருந்து விளையாடிவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். எனக்குத் திக்கென்றது. உடனே பிள்ளையைக் கழுவி, வேலையை நிறுத்தினோம். பிழை என்னுடையதே.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். எமது நாட்டில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு உச்ச வரம்பு 2013 ஜனவரி 1 ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டதில் ஈயம் உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஈயத் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கூடாது. ஆகவே பழைய வர்ணம் பூசிய பலகையை அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

மறுநாள் வேலையைச் சரியான முறையில் தொடங்கினோம். நீங்களும் இப்படியே செய்யலாம்.

முதலில் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தூர அனுப்புங்கள். முற்றத்து நிழலில் ஒரு பழைய பொலித்தீன் விரிப்பைப் போட்டு, கதிரையை அதன்மேல் வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவுங்கள். பிறகு வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகத் தேய்க்க வேண்டும். பழைய பெயின்ற் இறுகப் பிடித்திருந்தால் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. மினுக்கம் போனால் போதும். ஈரத்துணியால் துடைத்து, கழிவைப் பையில் கட்டிவிடுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் தூசி பறக்கும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

மரம் நன்றாகக் காய ஒரு நாளாவது விடுங்கள். ஆணித் துவாரங்களை மரத்தூளும் மரப் பசையும் குழைத்து அடைக்கலாம். அதன்பின் ஒரு பூச்சு பிறைமர். அது காய்ந்ததும் எனாமல் பெயின்ற் மெல்லிதாக இரண்டு பூச்சு. முதற்பூச்சு ஓர் இரவு காய வேண்டும். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் வழிந்து சுருங்கும். கொளுத்தும் வெயிலில் பூசினால் கொப்பளிக்கும். ஒரு கதிரைக்குக் கால் லீற்றர் எனாமல் போதும். மாரி மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் செய்துவிடுவது நல்லது. பிறஷ் கழுவும் தின்னர் விரைவில் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

அக்காவின் கதிரை இப்போது பச்சை நிறத்தில் விறாந்தையில் இருக்கிறது. அதைப் பார்த்த அயல்வீட்டார் தங்கள் மேசைக்கும் பூசித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "தெரிஞ்ச சனத்திட்டை எப்பிடிக் காசு கேக்கிறது?" என்று தயங்கினார். தச்சனார் கூலி கேட்கத் தயங்குகிறாரா? பெயின்ற், பிறைமர், பேப்பர் எல்லாவற்றின் விலையையும் எழுதிக் கூட்டி, அதனுடன் உங்கள் நாட்கூலியையும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பழைய வாங்கோ அலுமாரியோ கிடக்கலாம். எறியுமுன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். மரம் உறுதியாக இருந்தால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.