65 கோடி போன பிறகுதான் ஏலமே ஆரம்பிக்குது: சிஎஸ்கே கணக்கும் நம்ம சம்பளக் கணக்கும்



2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் ஐபிஎல் மெகா ஏலம் நடந்தது. ஒவ்வொரு அணிக்கும் மொத்த பர்ஸ் 120 கோடி. ஆனால் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏல மேசையில் உட்காரும்போது கையில் இருந்தது 55 கோடிதான். மீதி எங்கே? ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ஜடேஜா 18, பதிரனா 13, சிவம் துபே 12, தோனி 4. ஐந்து பேரைத் தக்கவைத்ததிலேயே 65 கோடி காலி.

இதை அப்படியே நம்ம வீட்டுக்குக் கொண்டு வாங்க. கைக்கு வரும் சம்பளம் 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அதே விகிதத்தில் பார்த்தால் 32,500 ரூபாய் 5ஆம் தேதிக்குள்ளேயே இஎம்ஐ, வாடகைன்னு போயிடும். மிச்சம் இருக்கும் 27,500 ரூபாயில்தான் சாப்பாடு, பெட்ரோல், அம்மா அப்பாவுக்கு அனுப்புவது, இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாமே. சிஎஸ்கே நிலைமையும் இதுதான். முதல் ஐந்து பேருக்குச் சராசரியா ஆளுக்கு 13 கோடி. அடுத்து 25 பேர் கொண்ட அணியை நிரப்ப 20 பேரை வாங்கணும். ஆளுக்குச் சராசரி 2.75 கோடிதான் வரும்.

அந்த சீசனில் என்ன ஆச்சுன்னு எல்லோருக்கும் தெரியும். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்தாவது இடம். சிஎஸ்கே வரலாற்றில் முதல் முறையா கடைசி. "ஏலத்துல சொதப்பிட்டாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். என் கருத்து கொஞ்சம் வேற. ஏலத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். நாம எல்லோரும் மாசா மாசம் செய்யும் ஒரு விஷயம் மீதிப் பாதியில் இருக்கு.

கமிட்மென்ட் அதிகமா இருந்தாலே தப்பா?

அப்படி முடிவு கட்டுவது சுலபம். பஞ்சாப் கிங்ஸ் தக்கவைத்தது ரெண்டே பேர், செலவு 9.5 கோடி. 110.5 கோடியோட ஏலத்துக்குப் போய், 26.75 கோடிக்கு ஷ்ரேயஸ் ஐயரை எடுத்து, ஃபைனல் வரை போனார்கள். ஆர்சிபி தக்கவைக்கச் செலவழித்தது 37 கோடி. 2025 ஜூன் 3 அன்று அதே பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து முதல் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஆனால் மும்பை இந்தியன்ஸ்? அவர்கள் தக்கவைக்கக் கொடுத்தது 75 கோடி, சிஎஸ்கே-யை விட 10 கோடி அதிகம். அவர்கள் பிளே-ஆஃப் போனார்கள். 79 கோடி கொடுத்த ராஜஸ்தான் ஒன்பதாவது இடம். ஆகவே "கமிட்மென்ட் குறைவா இருந்தா ஜெயிப்போம்" என்று சொல்ல முடியாது. மும்பை கட்டிப்போட்ட பணத்தில் பும்ராவும் சூர்யகுமாரும் இருந்தார்கள். அந்தப் பணம் மைதானத்தில் வேலை செய்தது.

அதனால் நாம பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். கட்டிப்போட்ட பணம் திரும்ப என்ன தருது? ஏதாவது தப்பாப் போனால் மாத்திக்கொள்ள மிச்சம் இருக்கா? சிஎஸ்கே-க்கு ரெண்டுமே இடித்தது. முழங்கை எலும்பு முறிவால் கெய்க்வாட் பாதியிலேயே வெளியே போனார். மிச்சம் இருந்த 55 கோடியிலும் 9.75 கோடி, நம்ம ஊர்ப் பையன் அஷ்வின் வீட்டுக்குத் திரும்பி வருகிறார் என்ற சந்தோஷத்துக்குப் போனது. எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் 9 ஆட்டம், 7 விக்கெட். 2025 ஆகஸ்டில் அவர் ஐபிஎல்-லிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். பாசத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு சொல்லல. கையில் தாராளமா இருக்கும்போது பண்ணலாம். பாதிக்கு மேல் ஏற்கெனவே கட்டிப்போட்ட பிறகு பண்ணினால் வலிக்கும்.

விதியை உடைக்காதீங்க, படிங்க

சிஎஸ்கே செய்த நல்ல காரியத்தையும் சொல்லணும். 2022இல் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட தோனியை இந்த முறை 4 கோடிக்கு வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாத, வாரிய ஒப்பந்தமும் இல்லாத இந்திய வீரரை 'அன்கேப்டு' கணக்கில் வைக்கலாம் என்ற விதி அதற்கு இடம் கொடுத்தது. தோனி இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2019 ஜூலை. நிறைய பேர் கிண்டல் பண்ணினார்கள். ஆடிட்டரா எனக்கு அதில் ஒரு குறையும் தெரியல. விதிக்குள்ளேயே நின்று பணத்தை மிச்சம் பிடித்தார்கள்.

சம்பளக்காரர்கள் இதைச் செய்வதே இல்லை. ஒரு உதாரணம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்க மொத்தச் சம்பளம் 13,25,000. நிலைக் கழிவு 75,000 போக 12,50,000. 12 லட்சம் வரை வரி இல்லை. இது 50,000 தாண்டிவிட்டது. விளிம்பு நிவாரணம் போக வரி 50,000, செஸ் சேர்த்து 52,000 ரூபாய்.

இப்போ அடிப்படைச் சம்பளம் மாசம் 50,000 என்றால், அதில் 14 சதவீதம் வரை, அதாவது வருஷத்துக்கு 84,000 ரூபாயை, நிறுவனம் உங்க என்பிஎஸ் கணக்கில் போடுவதற்குக் கழிவு உண்டு. அதே மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே இப்படி மாற்றி அமைத்தால் வரிக்குரிய வருமானம் 11,66,000 ஆகிடும். வரி பூஜ்யம்.

ரெண்டு எச்சரிக்கை. இதை நிறுவனம் போடணும். நீங்களா போட்டால் புதிய முறையில் கழிவு கிடையாது. பணமும் நீண்ட காலத்துக்கு உள்ளே கட்டுப்பட்டுவிடும். இது ஒத்துவருமான்னு பார்த்து, எச்ஆர்-கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. இல்லைன்னு சொன்னால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மேட்ச் பண்றோம், இருங்க

ஏலத்தில் ஆர்டிஎம் என்று ஒரு அட்டை உண்டு. வேறு அணி கேட்ட விலையைக் கொடுத்துப் பழைய அணியே வீரரைத் திரும்ப எடுக்கலாம். ரச்சின் ரவீந்திரா சிஎஸ்கே-யில் 1.80 கோடி வாங்கிக்கொண்டிருந்தார். பஞ்சாப் 3.20 கோடி வரை கேட்டது. சிஎஸ்கே அட்டையைக் காட்டியதும் பஞ்சாப் 4 கோடிக்கு ஏற்றியது. சிஎஸ்கே அந்த 4 கோடியைக் கொடுத்தே எடுத்தது. ஆள் அதே ஆள், அணி அதே அணி. வெளியே ஒருத்தர் விலை சொன்ன பிறகுதான் சொந்த அணிக்கு அவர் மதிப்பு தெரிந்தது.

சாய் சுதர்சன் கதையும் இதேதான். 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் லைக்கா கோவை கிங்ஸ் அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போ ஐபிஎல்-இல் அவர் சம்பளம் 20 லட்சம்! குஜராத் பிறகு 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. 2025இல் 759 ரன் அடித்து ஆரஞ்சு கேப் வாங்கினார்.

உங்க அப்ரைசல் லெட்டரில் இருக்கும் எண் உங்க மதிப்பு இல்லை. உங்க நிறுவனத்தின் பட்ஜெட் அது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியே இன்டர்வியூ போய்ப் பாருங்க, மாறணும்னு அவசியம் இல்லை. நம்ம கைலாசபுரம் டவுன்ஷிப்பில் அப்பாக்கள் பலர் பெல்லில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனார்கள். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. அந்தக் கணக்கில் விசுவாசத்துக்கு விலை இருந்தது. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் தன் கையிலிருந்து கட்டும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வெளியே போகத் தடை இருக்கான்னும் பாருங்க. ஐரோப்பிய ஃபுட்பாலில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப்புக்குப் பணம் கட்டினால்தான் வீரர் மாற முடியும். பெல்ஜியம் வீரர் போஸ்மன் வழக்குப் போட்டு, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உடைத்தது. நம்ம நாட்டில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கு. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்து பொதுவாகச் செல்லாது. ஆனால் பாண்டு வேற விஷயம். 3 வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும்னு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பாண்டெல்லாம் சும்மா பேப்பர்" என்று நண்பன் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க. பாண்டு தொகையைப் புது வேலையின் சம்பள உயர்வோடு கழித்துப் பார்த்து முடிவெடுங்க.

கடன் முடிஞ்ச மறுநாள்

இப்போ நான் சிஎஸ்கே-யை மதிக்கும் இடமும், பயப்படும் இடமும்.

2025 நவம்பரில், 2012இலிருந்து மஞ்சள் சட்டையோடு சேர்த்தே பார்த்துப் பழகிய ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, 18 கோடி சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். பதிரனாவை விடுவித்தார்கள், கான்வே, ரச்சின் இருவரையும்கூட. மனசுக்குக் கஷ்டமான முடிவுகள். ஆனால் அதனால்தான் டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துக்கு 43.4 கோடியோட போக முடிந்தது.

போனதும் என்ன பண்ணினார்கள்? இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. அடிப்படை விலை 30 லட்சம்தான். ரெண்டு பேருக்கு 28.4 கோடி, கையிலிருந்த பணத்தில் சுமார் 65 சதவீதம். பையன்கள் பிரமாதமா ஆடலாம், பத்து வருஷம் அணியைத் தாங்கலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனால் கஷ்டப்பட்டு விடுவித்த பணத்தை ஒரே நாளில் மறுபடி கட்டிப்போட்டால், அடுத்த சீசனில் யாருக்காவது அடிபட்டால் கதை மறுபடி அதேதான்.

என்கிட்ட வரும் இளைஞர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பைக் லோன் 36 மாசம் கட்டி முடிப்பாங்க. மாசம் 5,000 மிச்சம் ஆகும். அடுத்த மாசமே திருவெறும்பூர் பக்கம் மனை, இல்லைன்னா புது ஐபோன், அதே 5,000க்கு இன்னொரு இஎம்ஐ. சம்பளம் ஏறும், கமிட்மென்ட் கூடவே ஏறும், மிச்சம் மட்டும் ஏறாது.

2025 சீசனில் சிஎஸ்கே-க்கு நடந்த நல்ல விஷயங்கள் பெரிய விலையில் வரல. காயமடைந்தவர்களுக்கு மாற்றாக நடுவில் வந்தவர்கள் ஆயுஷ் மாத்ரேவும் டெவால்ட் பிரெவிஸும். பிரெவிஸ் 2.2 கோடி, 17 வயசு மாத்ரே ஆர்சிபிக்கு எதிரா 94 அடித்தார். வாய்ப்பு வரும்போது எடுக்க, அணியில் ஒரு இடமும் பையில் கொஞ்சம் பணமும் வேணும். நம்ம வீட்டில் அதுக்குப் பேர் அவசர நிதி. ஆறு மாசச் செலவு தனியா இருந்தால், பிடிக்காத வேலையை விடலாம், நல்ல கோர்ஸ் ஒன்றில் சேரலாம், மேனேஜர்கிட்ட நிமிர்ந்து பேசலாம்.

இந்த வாரக் கடைசியில் ஒரு பேப்பர் எடுங்க. மாசா மாசம் கட்டாயமா போகும் தொகையெல்லாம் ஒரு பக்கம் எழுதுங்க. ஒவ்வொன்றுக்கும் நேரே "இன்றைக்கு இது என்கிட்ட இல்லைன்னா, இதே விலைக்கு மறுபடி வாங்குவேனா?" என்று கேளுங்க. இல்லைன்னு பதில் வருவதை எப்போது, எவ்வளவு கட்டி முடிக்கலாம்னு பக்கத்தில் தேதி போடுங்க. முடிந்ததும் அந்த இஎம்ஐ தொகையில் பாதியை மூணு மாசம் தொடாமல் வைங்க. எங்கே போடலாம்ங்கிறதை அப்புறம் பேசுவோம்.