வராத நோய்க்கு ஒரு வந்தனம்

கிண்டி என்று சொன்னதும் சிலருக்குக் குதிரைப் பந்தயத்தின் ஞாபகம் வரும். குழந்தைகளுக்கோ புள்ளிமான்களும் பாம்புப் பண்ணையுந்தான் கிண்டி. அதே கிண்டியில் நூறாண்டுக்கு மேலாக இயங்கிவரும் கிங் நோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிலையத்தை நினைப்பவர்கள் மிகச் சிலரே. இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அணை கட்டியவரை, வாய்க்காலில் தண்ணீர் வரும்போது வாழ்த்துகிறோம். ஆனால் வீட்டுக்கு வராமலே போய்விட்ட நோயை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அதைத் தடுத்தவரைத்தான் யார் வாழ்த்துகிறார்கள்?

ஒரு தேசத்தின் முன்னேற்றத்தில் ஆராய்ச்சியாளருக்கு என்ன பங்கு என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. இதற்கு விடை தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பெரியம்மையின் கதையைப் பார்த்தால் போதும்.

வைசூரி என்னும் அந்தக் கொடிய வியாதியின் பெயரைச் சொல்லவும் நம் முன்னோர் அஞ்சினார்கள். 'அம்மை வார்த்திருக்கிறது' என்று தணிந்த குரலில் சொல்லி, வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டார்கள். கடுமையான வகை தாக்கியவர்களில் 100க்கு 30 பேர் வரையில் மாண்டனர். பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்பு சுமந்தனர். கண்ணை இழந்தவர்களும் உண்டு.

இதற்குத் தடுப்பு முறையை ஜென்னர் 1796ஆம் ஆண்டிலேயே கண்டு சொல்லிவிட்டார். ஆனால், சீமையில் கண்டது சென்னை வெயிலில் நிலைக்க வேண்டுமே! அம்மைப்பால் நம் உஷ்ணத்தில் விரைவிலே வீரியம் இழந்தது. ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு மாற்றிக் குத்தும் வழக்கமோ வேறு வியாதிகளைப் பரப்பியது. ஆகவே கன்றுகளின் தோலிலிருந்து அம்மைப்பால் எடுத்துச் சேமித்து அனுப்புவதற்கென்று 1899ஆம் ஆண்டு கிண்டியில் ஒரு நிலையம் தோன்றியது. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்னர் 1960க்குப் பிந்திய ஆண்டுகளில், உறைய வைத்து உலர்த்திய, வெயிலுக்கு அஞ்சாத தடுப்பு மருந்து நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட நான்கு இடங்களில் கிண்டியும் ஒன்றாயிற்று. சோவியத் நாடு அன்புடன் அனுப்பிய மருந்தும் நமக்குப் பேருதவி புரிந்தது உண்மையே. ஆனால் இரவல் நகை எத்தனை நாளைக்கு?

மருந்து கிடைத்ததும் காரியம் முடிந்துவிடவில்லை. 1962ஆம் ஆண்டில் ஆரம்பித்த தேசிய இயக்கம், ஜனங்கள் அனைவருக்கும் அம்மை குத்திவிட முயன்றது. கோடிக்கணக்கானவர்களுக்குக் குத்தியும் நோய் அகலவில்லை. இங்கேதான் இன்னொரு வகை ஆராய்ச்சி துணைக்கு வந்தது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடைய சகாக்களும், அம்மை கண்ட 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெரியம்மை காட்டுத்தீயைப்போல் ஊரெங்கும் ஒரே மூச்சில் பரவுவதில்லை என்பதும், பெரும்பாலும் நோயாளியுடன் நெருங்கி ஒரே வீட்டில் வாழ்பவரையே பற்றுகிறது என்பதும் இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயின. ஆப்பிரிக்காவிலும் இதே படிப்பினை கிடைத்தது. ஊர் முழுவதற்கும் குத்தி அலைவதைக் காட்டிலும், நோயாளியைத் தேடிக் கண்டு அவரைச் சூழ்ந்தவர்களுக்கு உடனே குத்தினால் நோயின் வழி அடைபடும் என்பது உறுதியாயிற்று. 1974ஆம் ஆண்டில் பீஹாரில் கோரத் தாண்டவம் ஆடிய அம்மை, இந்த உபாயத்தினாலேயே மறு ஆண்டு மே மாதத்துடன் பாரதத்தை விட்டு ஓடியது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிறர் கண்ட உண்மையை நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றதாகச் செய்தவரும், வீடு வீடாக எண்ணிப் பார்த்து வழி சொன்னவரும் இல்லாதிருந்தால், எத்தனை பணம் கொட்டியும் பயனுண்டோ? அந்த ஆராய்ச்சி பலித்ததனாலேயே, இன்று நம் பேரக் குழந்தைகளின் தோளில் அம்மைத் தழும்பைக் காணோம்.

ஆராய்ச்சி நிலையம் என்பது அவசரத்துக்குக் கடையில் வாங்கும் பொருளன்று. 2020ஆம் ஆண்டுத் துவக்கத்தில் கொரோனா வந்தபோது, தமிழகத்து மாதிரிகளை முதலில் புனாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்து, தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகப் பரிசோதனை நடத்தியது கிண்டிதான். பல்லாண்டுப் பழக்கம் இல்லாதவர்களால் சில நாட்களில் அவ்வாறு தயாராகியிருக்க முடியுமா?

இதற்கு மாறான பாடமும் கிண்டியிலேயே இருக்கிறது. சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948இல், காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்துச்சாலை அங்கே ஏற்பட்டது. பிறந்த சிசுக்களின் கையில் குத்தப்படும் மருந்து அது. கட்டடமும் முறைகளும் புதிய விதிகளுக்கு ஏற்பச் சீர்திருத்தப்படாமற்போகவே, 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. கசௌலியிலும் குன்னூரிலும் இருந்த சர்க்கார் நிலையங்களுக்கும் அதே கதி. சொந்த மருந்துச்சாலைகளை வைத்துக்கொண்டு சர்க்கார் வெளியில் விலை கொடுத்து வாங்கலாயிற்று. தடை நீங்க 2010 வரையில் காத்திருக்க நேர்ந்தது. விதிகள் கண்டிப்பாக இருக்க வேண்டியவைதாம். அவற்றுக்கேற்ப நிலையங்களைக் காலத்தில் புதுப்பிக்காமல் விட்டதே குற்றம். வீட்டுக் கூரையை வருஷந்தோறும் பார்த்து மாற்றாதவன், மழை நாளில் ஓட்டையைத் திட்டிப் பயன் என்ன?

2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் தேசத்து மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவானது 100க்கு 1 பங்குகூட இல்லை; 0.64 தான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையைப் பற்றிக் கேட்கிறோம். தண்ணீரைப் பற்றிக் கேட்கிறோம். 'ஆராய்ச்சிச் சாலைகளுக்கு என்ன செய்தீர்கள்?' என்றும் ஒரு முறை கேட்டால் என்ன? வீட்டிலே பிள்ளையோ பெண்ணோ, 'சம்பளம் குறைந்தாலும் ஆராய்ச்சிக்கே போகிறேன்' என்று சொன்னால், பெற்றோர் முகத்தைச் சுளிக்காமல் ஆசி கூறுவார்களாக! அந்தக் குழந்தை தடுத்து நிறுத்தப் போகும் வியாதியின் பெயர் நமக்குத் தெரியாமலே போகலாம். தேசத்துக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் வேறென்ன வேண்டும்?