சாம்பிள் ஷூவும் சாம்பிள் பைலட்டும்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் 'சாம்பிள்' என்று தனியாக ஒரு வேலை உண்டு. வெளிநாட்டு பையருக்குக் காட்டுவதற்கென்றே செய்யப்படும் முதல் ஜோடி. கம்பெனியிலேயே கை தேர்ந்த ஆட்கள், நல்ல தோலாகப் பொறுக்கி எடுத்து, அவசரமே படாமல் செய்வார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். பையர் அதைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். ஆனால் அதைப் பார்த்துச் சரக்கை ஏற்றுக்கொள்ள மாட்டார்! ஆயிரக்கணக்கான ஜோடிகள் அட்டைப்பெட்டிகளில் அடைத்து வைத்த பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள் வருவார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று அவர்தான் கை காட்டுவார். "சார், இதைப் பாருங்க சார்" என்று கம்பெனிக்காரர் நீட்டும் பெட்டி செல்லாது.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்ததில் ஆரம்பித்தது. பிறகு அசோ சாயங்கள். 2015 மே முதல் ஐரோப்பாவில் ஆறாம் நிலை குரோமியம், கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரி வைத்திருப்பவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது: காட்டுவதற்கென்று செய்த ஒன்றைச் சோதிப்பது சோதனையே இல்லை.

ஒரு ஷூவுக்கே இவ்வளவு கெடுபிடி. இந்த ஊர்ப் பையனோ பெண்ணோ விமானம் ஓட்டும் உரிமத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? அங்கே முழுக்க முழுக்க சாம்பிள்தான்.

பிரைவேட் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக பிபிஎல். 17 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு பாஸ், மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரம் பறந்த கணக்கு. அதற்குள் தனியாளாக ஒரு 150 கடல் மைல் பயணம், வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 70 சதவீதம். ரேடியோவில் பேச தனி உரிமம். கடைசியாக வருவதுதான் பறந்து காட்டும் தேர்வு, ஸ்கில் டெஸ்ட். இதில் தேறியவர் கூலி வாங்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி பக்கத்து சீட்டில் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் தங்கையை உட்கார வைத்துப் பறக்கலாம். சட்டம் தடுக்காது.

இந்தியாவில் பெரும்பாலானவர்கள் 200 மணி நேரம் கேட்கும் சிபிஎல் என்ற வணிக உரிமத்தையே குறி வைத்து ஓடுவதால் பிபிஎல் டெஸ்ட் என்றால் ஒரு இளக்காரம். "அது சும்மா ஃபார்மாலிட்டி மச்சி" என்பார்கள். ஃபார்மாலிட்டி என்று ஆனபின் அதற்குத் தயாராவதும் ஃபார்மாலிட்டிதானே?

எப்படித் தயாராகிறார்கள் என்று பாருங்கள். எழுத்துத் தேர்வுக்குக் கேள்வி வங்கி. பழைய கேள்விகளைத் திரட்டி, பதிலை மட்டும் உருப்போடுவது. பத்தாம் வகுப்பில் 'ஐந்து மார்க் முக்கிய வினாக்கள்' படித்த அதே கை, அதே ஹைலைட்டர் பேனா. பறக்கும் தேர்வுக்கோ வாய்வழியாக வரும் சமையல் குறிப்பு. செங்குத்தான திருப்பமா? விமானம் 30 டிகிரி சாய்ந்ததும் இவ்வளவு ஆர்.பி.எம். கூட்டு, ட்ரிம் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்று, மூக்கை அந்த ஆணிக்கு நேராக வை. இன்ஜின் நின்றதாக பாவனையா? சார் எப்போதும் அந்த ஏரிக்கு மேலே வரும்போதுதான் த்ராட்டிலை இழுப்பார், இடது பக்கம் ஒரு தரிசு இருக்கும், அங்கே போ. முன்னால் டெஸ்ட் முடித்தவர்கள் பின்னால் வருபவர்களுக்கு இதை நோட்டில் எழுதியே கொடுக்கிறார்கள்.

பையன் பாஸ். லட்டு!

அந்தத் திருப்பத்தையே எடுத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்வில் விமானத்தின் இறக்கை தாங்க வேண்டிய சுமை 1.41 மடங்கு ஆகிறது. விமானம் ஸ்டால் ஆகும் வேகமும் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. இந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள் உண்டு. ஆனால் இது ஆளைக் கொல்வது 3,000 அடி உயரத்தில் டெஸ்ட் திருப்பத்தில் அல்ல. ஓடுபாதைக்கு இறங்க வரும் கடைசித் திருப்பத்தில். பின்காற்று தள்ளிவிட, ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்ட பைலட் பதறி இன்னும் சாய்க்கிறார். சாய்வு அதிகமாகிறதே என்று பயந்து காலால் ரட்டரை அழுத்தி மூக்கை மட்டும் திருப்புகிறார். மூக்கு கீழே போக, கையால் இழுக்கிறார். ஒரு பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகிறது. விமானம் சுழல்கிறது. உயரம் 400, 500 அடி. மீட்டெடுக்க இடமே இல்லை. 1.41 என்ற எண் அந்த நொடியில் அவர் கையில் இருந்திருக்க வேண்டும், வாயில் இருந்து என்ன புண்ணியம்?

சரி, வெயில். வேலூர் வெயில் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அப்துல்லாபுரம் விமான ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 230 மீட்டர், அதாவது 760 அடி சொச்சம். மே மாதம் 42 டிகிரி அடிக்கும் மதியத்தில் காற்று அவ்வளவு லேசாகிவிடுவதால், அங்கே நிற்கும் விமானத்தின் இறக்கைக்கும் ப்ரொபெல்லருக்கும் இன்ஜினுக்கும் 4,000 அடிக்கு மேலே நிற்பது போல இருக்கும். அதாவது ஏலகிரி ஊரையும் தாண்டிய உயரம். தரையில் ஓட வேண்டிய தூரம் நீளும், ஏறும் வேகம் படுத்துவிடும். எழுத்துத் தேர்வில் இது 'டென்சிட்டி ஆல்டிட்யூட்' என்ற பெயரில் ஒரு மார்க் கேள்வி. ஆனால் டெஸ்டுகளை எப்போது வைக்கிறார்கள்? முடிந்தவரை காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறாத காலையில். பாதுகாப்புக்கு நல்லதுதான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் மதியம் மூன்று பேரையும் முழு டாங்கையும் வைத்துக்கொண்டு கிளம்பலாமா கூடாதா என்று ஒரு காகிதத்திலாவது கணக்குப் போட்டு, "இல்லை சார், இன்று கிளம்ப மாட்டேன்" என்று சொல்லத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? 'கிளம்ப மாட்டேன்' என்று சொன்னதற்காக முழு மதிப்பெண் கொடுக்கும் தேர்வு நம் ஊரில் எந்தத் துறையில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இதைக் கொஞ்சம் உருப்படியாகச் செய்திருக்கிறார்கள். 2016 ஜூனில் அங்கே பிரைவேட் பைலட் தேர்வின் அளவுகோலையே மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று தலைப்பு: தெரிந்திருக்க வேண்டியது, ஆபத்தை எடை போடுவது, கையால் செய்து காட்டுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேறாது. எண்களும் கறாரானவை. செங்குத்தான திருப்பத்தில் உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, வேகத்தில் 10 நாட். குறுகிய ஓடுபாதை இறக்கத்தில் சொன்ன புள்ளிக்கு முன்னால் சக்கரம் படவே கூடாது, தாண்டினால் 200 அடிக்குள். எழுத்துத் தேர்வில் எந்தப் பகுதியில் தப்பு செய்தாரோ அந்தப் பகுதியைத் தேர்வாளர் நேரில் கேட்டே ஆக வேண்டும். பயணத் திட்டத்தைப் போடச் சொல்லி, பாதி வழியில் "அங்கே போக முடியாது, வேறு இடம் சொல்" என்பார். அங்கேயும் எந்தத் தேர்வாளர் என்ன கேட்பார் என்று துப்பு விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. மனித ஜாதி எல்லா இடத்திலும் ஒன்றுதான் :-)

இங்கே என்ன நிலைமை? 2011ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து பெரிய விமானங்களுக்கான உரிமம் வாங்கியவர்கள் கைதானார்கள். அதே வருடம் ராஜஸ்தானில், பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக ஏட்டில் எழுதிய விவகாரம் வெளியே வந்தது. 2023 அக்டோபரில் பாராமதியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதல் முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. மொத்தம் 35 பள்ளி. 'ஏ' பிரிவில் ஒன்றுகூட இல்லை. 13 பள்ளிகள் 'பி', மிச்சம் 22 பள்ளிகள் 'சி'. மாணவனைத் தேர்வு செய்கிறவர்களே இப்படி மார்க் வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "விமானத்தில் மனப்பாடம் இல்லாமல் எப்படி? இன்ஜின் நின்றால் புத்தகத்தைத் திறந்து படிக்க முடியுமா?" முடியாது. இன்ஜின் நின்றால் முதலில் மிதவை வேகத்தைப் பிடிப்பது, செஸ்னா 172 என்றால் வகையைப் பொறுத்து 65, 68 நாட், அது யோசிக்காமல் கையில் வர வேண்டும். அந்த மனப்பாடம் உயிர் காக்கும். ஆனால் அந்த வேகத்தைப் பிடித்த பிறகு எங்கே இறங்குவது? மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பறக்கிறீர்கள் என்று வையுங்கள். தென்னந்தோப்பு, மின்கம்பி, ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் லாரிகள் நிரம்பிய தேசிய நெடுஞ்சாலை, தெற்கே ஜவ்வாது மலை, காய்ந்து கிடக்கும் பாலாறு. ஆற்று மணலில் சக்கரம் புதைந்து குப்புற விழுமா, கரை ஓரத்துக் கட்டாந்தரை தேவலையா, காற்று எந்தப் பக்கம்? இதற்கு யாருடைய நோட்டிலும் பதில் இல்லை.

இன்னொரு பதில் பணம். இது நியாயமான பதில். மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொட்டி, வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துப் படிக்க வரும் பிள்ளையிடம் "இன்னும் பத்து மணி நேரம் பறந்து கற்றுக்கொள்" என்று சொல்வது சுலபம். கொடுக்கிறவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர்கள் குறுக்கு வழிக்குப் போகிறார்கள், குற்றம் அவர்கள் மேல் இல்லை. டெஸ்ட் எதைக் கேட்கிறதோ அதைத்தான் எவரும் படிப்பார்கள். கேட்பதை மாற்றினால் படிப்பதும் தானாக மாறும். வரைபடத்தை விரித்து வழி போடுவது, எடைக் கணக்கு, வெயில் கணக்கு, வானிலை அறிக்கையைப் படித்து முடிவெடுப்பது, இதற்கெல்லாம் பெட்ரோல் செலவு கிடையாது. வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்யலாம்.

மாற்ற வேண்டியதும் பெரிய விஷயமில்லை. தேர்வாளர் அந்தப் பள்ளியோடு சம்பந்தமே இல்லாத வெளியாளாக இருக்கட்டும், எந்த விதிவிலக்கும் வேண்டாம். எங்கே போக வேண்டும் என்பதைத் தேர்வன்று காலையில் சொல்லட்டும். மாணவன் அதுவரை இறங்கியிராத ஒரு ஓடுதளமாக அது இருக்கட்டும்.

அதற்கு ஓடுதளம் எங்கே என்பீர்கள். பயிற்சிப் பள்ளிக்கென்று 2022ல் விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களில் சேலமும் ஒன்று. அங்கிருந்து கிளம்பினால் அப்துல்லாபுரம் ஒரு சின்ன விமானத்துக்கு நல்ல பயிற்சித் தூரம். உதான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்தார்கள், 2024 முடியும் வரை ஒரு பயணியும் அங்கே ஏறவில்லை. ஓடுபாதை சுமார் 850 மீட்டர். ஏர்பஸ்ஸுக்குப் போதாது, செஸ்னாவுக்குத் தாராளம். பயணி விமானம் வருகிறபோது வரட்டும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள், ஒரு தீயணைப்பு வண்டியும் ரேடியோவில் பதில் சொல்ல ஒரு ஆளும் போட்டு, தேர்வு எழுத வரும் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடலாம். மதிய வெயிலில்.