நல்ல தண்ணீர் என்று நாக்கு சொன்னால் போதுமா?

காஞ்சிபுரம் வட்டாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உள்ள ஊர். இப்படிப்பட்ட ஆற்றங்கரை ஊர்களில், "எங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு" என்று பெருமையாகச் சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "உப்புக் கரிக்காது; கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்" என்பார்கள்.

அது போதுமா? போதாது.

நாக்குக்கு உப்பு தெரியும். கண்ணுக்குக் கலங்கல் தெரியும். நோய்க் கிருமி தெரியாது.

1854-ல் லண்டன் நகரில் ஒரு தெருவில் காலரா பரவியது. அந்தத் தெருக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்தார். அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே, வேறு இடத்துக்குக் குடிபோன பிறகும் அதை வரவழைத்துக் குடித்து வந்தார் ஓர் அம்மாள். அவரும் காலராவில் மாண்டார். ருசி அவரைக் காப்பாற்றவில்லை.

கிருமி மட்டும் அல்ல. பாறையிலிருந்து புளோரைடு தண்ணீரில் கரையும். அளவு மீறினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். நாளடைவில் எலும்பும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கழிவுநீர், சாணம், உரம் ஆகியவற்றிலிருந்து நைட்ரேட் இறங்கும். அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் உடல் நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

"காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். காய்ச்சுவது நல்லது. கிருமி செத்துவிடும். ஆனால் புளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆகவே சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. மலக் கிருமி அறவே இருக்கக் கூடாது. இது இந்தியத் தர நிர்ணய அளவு.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக் கொள்ளலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் பாட்டிலை அலசாமல் பிடித்து, அன்றே சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் கழிவுத் தொட்டியோ சாயப் பட்டறையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையும், வெள்ளம் வடிந்த பிறகும் சோதிப்பது நலம்.

ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கவனிப்பது ஊராட்சியின் பொறுப்பு. சொந்தக் கிணற்றுக்கு வீட்டுக்காரரே பொறுப்பு. ஆனாலும் அரசு கை கட்டி நிற்கலாகாது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். அந்தச் சோதனைப் பெட்டி வீட்டுக் கிணறுகளுக்கும் வரட்டும். முடிவை வெறும் எண்களாகத் தராமல், "குடிக்கலாம்", "குடிக்கக் கூடாது" என்று தமிழில் எழுதித் தரட்டும்.

பட்டுச் சேலை வாங்கும்போது சரிகை அசலா என்று சோதித்துப் பார்க்கிறோம். சேலையை என்றோ ஒரு நாள்தான் உடுத்துகிறோம். தண்ணீரைத் தினமும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டே கொடுப்போம்.